வெயிலில் அணைந்த புள்ளி

மார்ச் 2
முதல் தண்ணீர்த் தொட்டி

அக்கா,

பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

வாசலில் நின்று நீ சொன்னது இன்னும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. "நீ எதையாவது முழுசா முடிச்சிருக்கியாடி? தையல் வகுப்பு பாதி, நீச்சல் பாதி, நிச்சயம் பண்ணின கல்யாணம் பாதி. இந்தப் பொட்டலையும் பாதியில விட்டுட்டுத் தண்ணி லாரியில ஏறி வருவ, பாரு." அத்தான் நடுவில் புகுந்து சிரித்து மழுப்பினார். நீ சிரிக்கவில்லை. நானும்தான். சைக்கிள் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் உன் குரல்தான் தாளம்.

இங்கே டவர் கிடையாது. தொட்டியை நிரப்ப வருகிற லாரிக்காரர்தான் எங்களுக்குத் தபால்காரரும். "எழுதுறதை சீக்கிரம் எழுது பாப்பா, வெயில் ஏறினா எஞ்சின் என்கிட்ட கோவிச்சுக்கும்" என்று பக்கத்திலேயே நிற்கிறார்.

என் ஏற்பாட்டைக் கேள். பின் கேரியரில் சோலார் பேனலைக் கூரை மாதிரி விரித்துக் கட்டியிருக்கிறேன். போனை நேராக அதில் செருகிப் பார்த்தேன். கொஞ்சம் நிழல் பட்டால் சார்ஜ் நின்றுவிடுகிறது; வெயில் திரும்பினாலும் அது திரும்புவதில்லை, ரொம்ப ரோஷம். அதனால் பகல் முழுக்கப் பேனல் பவர் பேங்குக்கு மட்டும். இருட்டிய பிறகு பவர் பேங்கிலிருந்து வரைபடம் பார்க்கிற போனுக்கும், விளக்குக்கும், டவர் இல்லாமலே சாட்டிலைட் வழியாக நான் இருக்கும் இடத்தைச் சொல்கிற, உங்கள் அலுவலகம் கொடுத்த டிராக்கருக்கும் பங்கு பிரிப்பேன். இந்த மூன்றும் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை உப்பு. பாதை நாலாகப் பிரிகிறது, நாலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறது.

உன் திரையில் நான் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிவேன். நகர்ந்துகொண்டே இருப்பேன். நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 6
கண்காணிப்பு அறை

வாலு,

கோபமாக எழுதினாலும் எழுதினாயே, அதுவரைக்கும் சந்தோஷம். அத்தான் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு "ரோஷம் போனுக்கா, உன் தங்கச்சிக்கா?" என்று கேட்டார்.

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். நீ முடித்துக் காட்டு, அப்போது எடுத்துக்கொள்கிறேன்.

உன் புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் அறையை நீ பார்த்ததில்லை. ஜன்னல் இல்லை. ஏசி ஒழுகுகிற இடத்தில் ஒரு பக்கெட். சுவர் முழுக்க ஒரு திரை, அதில் பொட்டலைக் கடக்கிற ஆட்கள் எல்லோரும் புள்ளிகள். பெயர் சொல்லக் கூடாது என்பது விதி, அதனால் ஆளுக்கு ஒரு பட்டம் வைத்திருக்கிறோம். பாதை நெடுகச் சண்டை போட்டுக்கொண்டு போகிற இரண்டு பேர் மாமியார் மருமகள். எதிர்முனையிலிருந்து தள்ளுவண்டியோடு நடந்து வருகிற பெரியவர் குடைக்காரர். அவருடைய மகள் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். "அப்பா எங்க இருக்காரு மேடம்? நகருறாரா?" நகர்கிறார் என்றதும் வைத்துவிடுவாள். நீயும் அவரும் இரண்டாவது தொட்டிக்கும் மூன்றாவது தொட்டிக்கும் நடுவில் எதிரெதிராகச் சந்திப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்த்தால் மகள் விசாரித்ததாகச் சொல்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். புள்ளி அணைந்தால் நாங்கள் உடனே பதறிக்கொண்டு ஓடி வரமாட்டோம். வானம் மூடினால் பேனல் வேலை செய்யாது, டிராக்கர் படுத்துவிடும், மறுநாள் வெயில் வந்ததும் எழுந்துவிடும். முன்பெல்லாம் அணைந்த ஒவ்வொரு புள்ளிக்கும் வண்டி அனுப்பி, அங்கே போனால் ஆசாமி ஜாலியாகக் கால் நீட்டிப் படுத்திருப்பானாம். இப்போது அணைந்த புள்ளிக்கு எதிரே "மேகம்" என்று ஒரு பொத்தானைத் தட்டுவோம். இரண்டு வாரம் அப்படியே கிடக்கும், அதற்குப் பிறகும் எரியாவிட்டால்தான் வண்டி. எங்கள் அறையில் யாராவது லீவு போட்டால்கூட மேகம் என்றுதான் சொல்வோம்.

அதனால் டிராக்கரை அணைய விடாதே. வழி தவறினால் இருந்த இடத்திலேயே இரு, நகராதே. இதை எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

சாப்பாட்டை மிச்சம் பிடிக்காதே.

அக்கா


மார்ச் 12
மூன்றாவது தண்ணீர்த் தொட்டி

அக்கா,

நீ ஜெயித்திருப்பாய். மயிரிழையில் தப்பித்தேன்.

இரண்டாவது தொட்டி தாண்டிய மறுநாள் சக்கரம் உப்புக்குள் இறங்கி சைக்கிள் குப்புற விழுந்தது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. பேனலுக்கு நடுமடிப்பில் ஒயர் அறுந்துவிட்டது. உறையைப் பிரித்து, முறுக்கி, டேப் சுற்றி, என்னென்னவோ செய்தேன். பச்சை விளக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பவர் பேங்கில் ஒரே ஒரு கோடு. அடுத்த தொட்டி வரைக்கும்தான் வரும், பிறகு லாரியில் ஏற வேண்டியதுதான். நீ கதவைத் திறக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். காபியை மட்டும் கையில் கொடுப்பாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

உட்கார்ந்து அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

மறுநாள் உச்சி வெயிலில் ஒரு சின்னப் பாலம் வந்தது, எந்தக் காலத்திலோ ஓடை ஓடியிருக்கும். பாலத்துக்கு முன்னால் ஒரு பாறைமேல், நம்பமாட்டாய், ஒரு பேனல். என்னுடையதைவிடப் பெரியது. நாலு மூலையிலும் கல் வைத்து விரித்துக் கிடக்கிறது. அடியில் நிழலில் ஒரு பவர் பேங்க், அதிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டிக்கு ஒயர். ஆள் இல்லை, சைக்கிள் இல்லை, மூட்டை இல்லை. பேனல்மேல் உப்புத்தூசி வேறு. யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு ராஜ வாழ்க்கை. வெள்ளைப் பெட்டிக்குள் இயர்போன் மாதிரி இரண்டு இருந்தன. காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டு ஒன்றும் வரவில்லை, கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மட்டமான சரக்கு போலிருக்கிறது. அத்தானுக்குத் தரலாம், அவர்தான் கிடைத்ததை எல்லாம் சேர்ப்பவர்.

குடைக்காரரை நான் பார்க்கவே இல்லை. வேறு பாதையில் போயிருப்பார்.

முடித்துக் காட்டுகிறேன், பார்.

உன் தங்கை


மார்ச் 17
வீடு

அடியே,

அலுவலகத்தில் இதை எழுத முடியாது, அதனால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அது இயர்போன் இல்லை. காது கேட்காதவர்கள் வைத்துக்கொள்கிற கருவி. காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் கீச்சென்று கத்தும், எங்கள் மாமனாரிடம் இருந்ததே, நீயே கேலி பண்ணியிருக்கிறாய். மறந்துவிட்டாயா?

குடைக்காரருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அவருடைய மகள் முதல் நாளே சொன்னாள். "மதியம் வெயில்ல நடக்கமாட்டாரு மேடம். நிழல் பார்த்துப் படுத்துடுவாரு. காதுல இருக்கிறதைக் கழட்டிச் சார்ஜ் போட்டுட்டுத்தான் தூங்குவாரு. அப்ப தலைக்கிட்ட இடி இடிச்சாலும் தெரியாது." அந்தப் பொட்டலில் உச்சி வெயிலில் நிழல் எங்கே இருக்கும்? பாலத்துக்கு அடியில் இருக்கும். நீ பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தாயா? வண்டியும் ஆளும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். விட்டுவிட்டுப் போகிறவன் காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைப்பானா?

நீ பாலத்தைத் தாண்டிய அன்று சாயங்காலம் அவருடைய புள்ளி அணைந்தது. டிராக்கருக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டிய பவர் பேங்க் உன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எதிரே மேகம் என்று தட்டியது யார் தெரியுமா? நான்தான். பக்கத்து நாற்காலிக்காரி வீட்டு வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டே தட்டினேன். உன் கடிதம் வந்த பிறகுதான் வானிலைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மகள் நேற்றும் போன் பண்ணினாள். "மேகமா மேடம்?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். என் நாக்கு எப்படிப் புரண்டதோ தெரியவில்லை.

அவரிடம் தண்ணீர் இருக்கும், வண்டியில் நிறைய ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினாராம். ஆனால் போன் அணைந்திருக்கும், வரைபடம் இல்லை. காது இல்லை. வழி தெரியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள் என்று நாங்கள் சொல்லிக் கொடுத்ததை நம்பி அங்கேயே உட்கார்ந்திருப்பார். தேடிப் போகிறவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் போவார்கள், பாலத்தின் மேலேயே நின்று அடித்தாலும் அவருக்குத் தெரியாது.

நான் சூப்பர்வைசரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். உன்னைச் சொல்ல வேண்டிவரும். திருட்டு என்று எழுதுவார்கள், அதற்குப் பிறகு ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது திருட்டோடு நிற்காது. அதனால் நீ திரும்பிப் போய் அவருடைய பொருளை அவரிடம் கொடுத்துவிடு. கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தெரியாமல் எடுத்தேன் என்று காலில் விழு, பெரியவர் மன்னிப்பார்.

போய்விடு. முடிப்பது, முடிக்காதது எல்லாம் குப்பையில் போகட்டும். நான் சொன்னது தப்புதான். போதுமா?

அக்கா


மார்ச் 21
நான்காவது தண்ணீர்த் தொட்டி

அக்கா,

உன் கடிதத்தை லாரிக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். படித்து முடிக்கும்போது அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ.

உன்னிடம் ஒரு பொய் எழுதினேன். மூன்று முறை கூப்பிட்டேன் என்றேன். ஒரு முறைதான் கூப்பிட்டேன். அதுவும் தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்கிற மாதிரி மெல்ல. பாலத்துக்கு அடியில் நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றியது. பார்த்தால் ஆள் இருந்துவிடுமே என்று பார்க்கவில்லை. யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது அக்கா.

ராத்திரி அந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் முழுச் சார்ஜில் இருக்கின்றன. நான்தான் தினமும் என் சாமானோடு சேர்த்துச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன், எதற்கு என்றே தெரியாமல்.

திரும்பிப் போகிறேன். லாரிக்காரர் மூன்றாவது தொட்டி வரைக்கும் ஏற்றிக்கொள்கிறார். அதற்குமேல் லாரி போகாது.

"பாலத்துப் பக்கம் உப்புத் தோல் மெல்லிசு பாப்பா. நீ வரும்போதே சைக்கிள் இறங்கிச்சுன்னு சொன்னியே, இப்ப வெயில்ல இன்னும் வெடிச்சுக் கிடக்கும். இந்த வாரத்தோட அந்தப் பாதையையே மூடுறாங்க. தொட்டிக்கும் தண்ணி விடப்போறதில்ல. ஒத்தையில எதுக்கு?"

"ஒருத்தரோட சாமான் என்கிட்ட இருக்கு அண்ணே."

"ஆபீஸ்ல சொன்னா ஜீப்பு போகுமே?"

அவர் கேட்டதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். ஜீப் போகுமே அக்கா? நீ அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாய். எழுந்து நாலு அடி நடந்து சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பார்கள். உன் கடிதம் எனக்கு வந்து சேர நாலு நாள். அந்த நாலு நாளும் அந்த மனிதர் பாலத்துக்கு அடியில். என் பேர் கெட்டால் கெடட்டும் என்று நீ விட்டிருக்கலாம். என்னை எப்போதும் திட்டுகிறவள், இந்த ஒரு தடவை பார்த்துக் காப்பாற்றக் கிளம்பினாயே.

கோபத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போட நேரமில்லை, லாரி உறுமுகிறது. பயமாக இருக்கிறது. ஆபீஸில் சொல்லிவிடு.

உன் தங்கை


மார்ச் 28
தண்ணீர் லாரியில்

வாலு,

லாரி குலுங்குகிறது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம்தான் வந்தது. ஜீப்பை ஏன் அன்றைக்கே அனுப்பச் சொல்லவில்லை என்று கேட்டாய். நீ என் தங்கை, அவ்வளவுதான். அது ஒரு பதிலா என்று கேட்டால், இல்லை.

நீ சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். உன் புள்ளி திரும்பி நகர்வதைத் திரையில் பார்த்த அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தினார். பிறகு போனை எடுத்து ஜீப்புக்குச் சொன்னார், மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்புவதாக ஏற்பாடு.

மறுநாள் காலையில் உன் புள்ளி பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அறையில் எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உன் புள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னொரு புள்ளி எரிந்தது. குடைக்காரர்! நீ அவருடைய டிராக்கரைத் தேடி எடுத்து, உன்னுடையதோடு சேர்த்து அவருடைய பேனலிலேயே மாட்டியிருக்கிறாய். அறையில் கை தட்டினார்கள். மகளுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் அழுதேன்.

ஜீப்பை நிறுத்திவிட்டார்கள்.

புள்ளி வந்துவிட்டது, அப்புறம் ஜீப் எதற்கு? அணைந்த புள்ளிக்குத்தான் வண்டி, எரிகிற புள்ளிக்கு இல்லை. விதி அப்படி. சூப்பர்வைசர் என் தோளில் தட்டி, "போய் ஒரு டீ குடிங்க, உங்க தங்கச்சி கெட்டிக்காரி" என்றார். அந்த டீயை நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு புள்ளிகளும் நகரவில்லை.

முதல் நாள், ஓய்வெடுக்கிறார்கள் என்று நினைத்தேன். பெரியவர் துவண்டு போயிருப்பார், நீ கஞ்சி மாதிரி எதையாவது கரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சூப்பர்வைசரிடம் போனேன். "இருந்த இடத்துலயே இருங்கன்னு சொல்லிக் கொடுத்ததே நாமதானே? இருக்காங்க. புள்ளிக்குப் பக்கத்துல காட்டுற சார்ஜைப் பாருங்க, ரெண்டும் ஃபுல். இதைவிட என்ன வேணும்?" என்றார். மூன்றாம் நாளும் ஃபுல். காலையில் வெயில் ஏறும்போது சார்ஜ் ஏறுகிறது, ராத்திரி லேசாக இறங்குகிறது, மறுநாள் திரும்ப ஏறுகிறது. ஒரு கோடு குறையவில்லை.

உனக்குப் புரிகிறதா? யாராவது விளக்குப் போட்டிருந்தால் பவர் பேங்க் இறங்கி இதுவும் குறைந்திருக்கும். யாராவது வரைபடம் பார்த்திருந்தால் குறைந்திருக்கும். பேனலை மடித்திருந்தால், நிழலுக்கு நகர்த்தியிருந்தால், ஒரு மதியமாவது அந்த எண்ணிக்கை தடுமாறியிருக்கும். கல் வைத்து விரித்துவிட்டால் போதும், பேனலுக்கு ஆள் வேண்டியதில்லை. பக்கத்தில் யார் எப்படிக் கிடந்தாலும் அது பாட்டுக்கு வெயிலைக் குடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள் என்று எங்கள் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதை நான் கத்திச் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரி என் கையைப் பிடித்து, "லீவு போட்டுக்கோயேன்" என்றாள்.

மகள் இப்போதும் சாயங்காலம் போன் பண்ணுகிறாள். "பச்சைதானே மேடம்?" என்கிறாள். பச்சைதான். அவள் சந்தோஷமாக வைத்துவிடுகிறாள்.

லாரிக்காரர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். "மூணாவது தொட்டியில இறக்கி விட்டேன்மா. கேன்ல தண்ணி ரொப்பிக் கொடுத்தேன். சைக்கிள்ல பாதிதான் கட்ட முடிஞ்சிது, மீதியை அங்கேயே வெச்சுட்டுப் போச்சு. கொண்டுபோனது இந்த வெயில்ல ரெண்டு பேருக்கு ரெண்டு நாளைக்குக்கூடக் காணாது. சொன்னேன், கேக்கல" என்றார். அதற்குமேல் நான் வீட்டுக்குள் போகவில்லை. செருப்பு மாட்டியபடியே அவரோடு ஏறிவிட்டேன். அத்தான் ஜீப் கிளம்புகிற அலுவலகத்து வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார், கிளப்பும் வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் கிளப்பிவிடுவார். எப்போது என்றுதான் தெரியவில்லை.

"தொட்டியிலேர்ந்து நடக்கணும்மா. உங்களால முடியுமா?" என்று லாரிக்காரர் கேட்டார். நான் வருஷக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் நடப்பதைப் பார்த்தவள். முடியும் என்று சொன்னேன். நீ விட்டுப்போன கேன்கள் அங்கே இருக்கும், அவற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்தனுப்பப் போவதில்லை, என் கையோடு கொண்டுவருகிறேன். கிளம்பிய பிறகு திரை என் கண்ணில் இல்லை. நீ இந்த நிமிஷம் எழுந்து நடந்துகொண்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் அந்த இரண்டு பச்சையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

நகரடி என் கண்ணே. திரும்பிப் படு. ஒரு கையை நீட்டு. நீ பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் சரி, ஒன்றையும் முடிக்காமல் என்னிடம் வந்தாலும் சரி. ஒரு சாண் நகர்.

அக்கா